மின்விசையும் மனவிசையும்

(மும்பையில் நடைபெற்ற நம் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியமோ இசையோ பேசப்படுவதே மரபு. அவ்வாறிருக்க, பிசியோதெரபித் துறையில் பணி செய்யும் என்னை அழைத்து, உடல் மருத்துவம் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். காரணம் என்னவென்று வினவினேன். “நம் உறுப்பினர்கள் இல்லங்கள் பலவற்றில் பக்கவாதத்தால் கைகால் விழுந்த முதியோர் இருக்கிறார்கள். ‘கரண்டு வைத்தால் கை வந்துவிடுமா?’ என்று எல்லாரும் கேட்கிறார்கள். அதற்கு ஒரு விடை சொல்லுங்கள்” என்றார்கள்.

அக்கேள்விக்குச் சுருக்கமான விடையை முதலிலேயே கூறிவிடுகிறேன். மின்விசை தசையை அசைக்கும். ஆனால் தசையின் அசைவு வேறு, கையின் செயல் வேறு. அசைவைச் செயலாக்குவது நோயாளியின் முயற்சி. அம்முயற்சியோடு காலம் ஒத்து மின்விசை சேருமாயின் நன்மை பெரிது. முயற்சி இல்லாதவிடத்து மின்விசையை மட்டும் பாய்ச்சினால் நன்மை சிறிது. இந்த ஒரு கருத்தையே இனி விரித்துரைக்க விரும்புகிறேன்.

மின்விசைக்கும் உயிருள்ள உடலுக்கும் உள்ள தொடர்பு இன்று நேற்றுக் கண்டதன்று. மின்னதிர்ச்சி தரும் திருக்கை மீனை உடலில் வைத்துத் தலைவலியையும் மூட்டுநோவையும் தணிக்கலாம் என்று உரோமாபுரி மருத்துவராகிய ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் முதலாம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார். இத்தாலி நாட்டுப் பொலோனா நகரப் பேராசிரியர் கால்வானி, உயிரற்ற தவளையின் கால் மின்விசையால் துடித்ததைக் கண்டு ஆராய்ந்து, அதனை 1791இல் வெளியிட்டார். பிரான்சு நாட்டு மருத்துவர் டுஷேன், ஈரமாக்கிய மின்முனைகளைத் தோலின்மேல் வைத்துத் தசைகளைத் தனித்தனியே இயக்கிக் காட்டினார். எத்தசை எவ்வேலையைச் செய்கிறது என்று ஆராய்ந்து 1855இல் நூல் இயற்றினார். ஆகவே, மின்விசை தசையை இயக்கும் என்பது பழைய செய்தியே. அவ்வியக்கத்தை நோயாளிக்குப் பயன்படும் செயலாக மாற்றுவது எப்படி என்பதே பின்வந்தோர் எடுத்துக்கொண்ட வினா.

பக்கவாதத்தில் கெட்டுப்போவது எது என்பதை முதலில் தெளிந்துகொள்ள வேண்டும். நம் வீட்டு விளக்குக்கு மின்சாரம் வரும் வழியை எண்ணிப் பாருங்கள். மின்நிலையத்திலிருந்து துணைமின் நிலையத்துக்கு ஒரு பெருங்கம்பி வருகிறது. அங்கிருந்து வீட்டுக்கு ஒரு சிறுகம்பி வருகிறது. மூளைதான் மின்நிலையம், தண்டுவடம் துணைநிலையம், அங்கிருந்து தசைக்குச் செல்லும் இயக்க நரம்பு சிறுகம்பி, தசை விளக்கு. மூளையின் ஒரு பகுதிக்கு இரத்தம் செல்லாமற் போவதாலோ, அங்கே இரத்தம் கசிவதாலோ பக்கவாதம் உண்டாகிறது. அப்போது பழுதுறுவது மின்நிலையமே. சிறுகம்பியும் விளக்கும் நன்றாகவே இருக்கின்றன. கட்டளைதான் வந்து சேர்வதில்லை. வெளியிலிருந்து நாம் பாய்ச்சும் மின்விசை அந்தச் சிறுகம்பியைத் தூண்டுகிறது; தசை சுருங்குகிறது. செயலிழந்த கை எழும்பக் கண்ட வீட்டார் வியப்பதும் கண் கலங்குவதும் இதனாலேயே.

இந்த உவமையிலிருந்து மற்றொன்றும் விளங்கும். இளம்பிள்ளை வாதத்தில் நோய்க்கிருமி தாக்குவது தண்டுவடத்திலுள்ள இயக்க நரம்பணுக்களை. அங்கே அறுந்துபோவது சிறுகம்பியே. நம் நாட்டில் இயற்கைப் போலியோக் கிருமியால் நேர்ந்த கடைசி நோய் 2011 சனவரியில் கண்டறியப்பட்டது. 2014இல் உலக சுகாதார நிறுவனம் நம் வட்டாரத்தைப் போலியோ அற்றதாக அறிவித்தது. எனினும் முன்னரே கால் சூம்பியவர்கள் நம்மிடையே பலர் உளர். பக்கவாதக்காரருக்குப் பயன்பட்ட அதே கருவி தமக்கும் பயன்படும் என்று அவர்கள் எதிர்பார்ப்பது இயல்பு. ஆனால் நரம்பணு அழிந்த தசையை அக்கருவி நரம்பின் வழியாக எழுப்ப இயலாது. ஆதலின், மின்விசைச் சிகிச்சைக்குச் செல்வோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, “எனக்குக் கெட்டிருப்பது பெருங்கம்பியா, சிறுகம்பியா?” என்பதே. மருத்துவர் சோதித்து விடை சொல்வார்.

இனி, ஒத்தியக்கம் என்பதற்கு வருவோம். ஒரு கவளம் சோற்றை வாய்க்குக் கொண்டுபோவது எளிய செயல் என்றே எண்ணுகிறோம். தோள் சற்றே முன்னே வர வேண்டும். முழங்கை மடங்க வேண்டும். மணிக்கட்டு நிலைத்து நிற்க வேண்டும். விரல்கள் குவிந்திருந்து, வாயருகே வந்ததும் விரிய வேண்டும். முழங்கையை மடக்கும் தசை சுருங்கும்போது அதை நீட்டும் தசை தளர்ந்து இடங்கொடுக்க வேண்டும். இந்த விட்டுக்கொடுத்தலை ஆராய்ந்தவருள் தலையாயவர் ஆங்கிலேய அறிஞர் ஷெரிங்டன். நரம்பணுக்களின் செயல் பற்றிய ஆய்வுக்காக 1932இல் நோபல் பரிசு பெற்றவர். நாகசுரமும் தவிலும் தனித்தனியே எவ்வளவு உரக்க ஒலித்தாலும் கச்சேரி ஆகிவிடாது. காலம் தப்பாமல் சேர வேண்டும். உடம்பின் நிலையும் அதுவே. வலிமை மட்டும் போதாது. எப்போது எழுவது, எப்போது அடங்குவது என்னும் காலக்கணக்கு வேண்டும்.

காலக்கணக்கோடு மின்விசையைச் சேர்த்த முதல் முயற்சிகளுள் சிறந்தது காலைப் பற்றியது. பக்கவாதத்துக்குப்பின் நடக்கத் தொடங்குவோர் பலருக்குப் பாதத்தின் முன்பகுதி தொங்கிப்போகும். அடியெடுத்து வைக்கும்போது கால்விரல்கள் தரையில் உராயும். அதைத் தவிர்க்கக் காலைப் பக்கவாட்டில் அரைவட்டமாக வீசி நடப்பார்கள். ஒரு சிறு விரிப்பின் ஓரம்கூட அவர்களைத் தடுக்கி வீழ்த்திவிடும். 1961இல் அமெரிக்காவில் லிபர்சன் என்னும் மருத்துவரும் அவர் துணைவர்களும் இதற்கு ஓர் எளிய வழி கண்டார்கள். முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்புறத்தில் ஓர் எலும்பு முடிச்சு கைக்குத் தட்டுப்படும். அதையொட்டி வளைந்து செல்லும் நரம்பே பாதத்தைத் தூக்கும் தசைகளுக்குரியது. அந்த நரம்பைத் தூண்ட ஒரு சிறு கருவி. குதிகாலின்கீழ் காலணியில் ஒரு விசைப்பொத்தான். குதிகால் தரையைவிட்டு எழுந்ததும் மின்விசை பாயும், பாதம் தூக்கும். குதிகால் தரையில் பதிந்ததும் மின்விசை நிற்கும். கருவி செய்தது இவ்வளவே. ஆயினும் நடையில் எத்தருணத்தில் எது நிகழ வேண்டுமோ அத்தருணத்தில் அது நிகழ்ந்தது.

லிபர்சன் குழுவினர் மற்றொன்றையும் கண்டு எழுதிவைத்தார்கள். இவ்வாறு பயின்ற நோயாளிகளுள் சிலர், கருவியை நிறுத்திய பின்னரும் தாமாகவே பாதத்தைத் தூக்கினார்கள். மின்விசை நின்ற பின்னும் எஞ்சி நின்றது எது? நோயாளி நடக்க எண்ணி முயன்ற அதே கணத்தில் பாதமும் எழுந்தது. அவ்வெழுச்சியின் உணர்வு மூளைக்குத் திரும்பிச் சென்றது. எண்ணமும் அசைவும் உணர்வும் பன்முறை ஒன்றுகூடவே, மூளையின் பழுதுறாத பகுதிகள் அவ்வேலையில் ஓரளவைக் கற்றுக்கொண்டன என்பதே இதற்கு இன்று கூறப்படும் விளக்கம். பயிற்சியால் தன்னை மாற்றியமைத்துக்கொள்ளும் ஆற்றல் முதிர்ந்த மூளைக்கும் உண்டு.

குதிகால் பொத்தான் காலணியை நம்பியது. வீட்டுக்குள் வெறுங்காலோடு நடப்பது நம் வழக்கம்; அங்கே அது பயன்படாது. பின்னர் வந்த கருவிகள் சிலவற்றில், முழங்காலின்கீழ் கட்டும் பட்டையிலேயே காலின் சாய்வை உணரும் பொறி இருக்கிறது; அவற்றைக் காலணி இன்றியும் அணியலாம். இங்கிலாந்தில் சாலிஸ்பரி நகரத்து ஆடஸ்டாக் மருத்துவமனையை ஒட்டி வளர்ந்த கருவி அந்நாட்டில் பெயர்பெற்றது. மூளை, தண்டுவடக் கோளாறுகளால் பாதம் தொங்குவோருக்கு இம்முறையைக் கையாளலாம் என்று அந்நாட்டு மருத்துவ வழிகாட்டு நிறுவனம் 2009இல் அறிவித்தது.

இவ்வளவு நன்மை கூறிய நான், அதன் எல்லையையும் கூற வேண்டும். இயற்கைக் கட்டளையில் முதலில் எழுபவை எளிதில் களைப்புறாத சிறு தசைநார்க் கூட்டங்கள். பளு கூடக் கூடப் பெரியவை துணைக்கு வரும். ஒன்று ஓய மற்றொன்று உழைக்கும் முறையும் உண்டு. வெளியிலிருந்து பாயும் மின்விசை இம்முறையை அறியாது. நொடிக்கு 20 முதல் 50 துடிப்பு வரை அது அனுப்பும்போது, எட்டிய நார்கள் எல்லாவற்றையும் ஒரே கணத்தில், மீண்டும் மீண்டும் எழுப்புகிறது. எளிதில் களைப்புறும் பெரிய நார்களும் தொடக்கத்திலேயே உழைப்பில் இறங்கிவிடுகின்றன. ஆகவே தசை விரைவில் சோர்ந்துவிடும். “அரைமணி வைத்தால் நல்லது, ஆகவே மூன்று மணி வைத்தால் இன்னும் நல்லது” என்று கருதுவோர் இதனை நினைவிற் கொள்ள வேண்டும்.

இனிக் கையின் கதை. கால்நடைக்கு ஒரு தாளம் உண்டு. கைக்கு அத்தகைய தாளம் இல்லை. அது எப்போது விரிய வேண்டும் என்பதை அதன் உடையவர் ஒருவரே அறிவார். ஆதலின் கட்டளையை அவரிடமிருந்தே பெற வேண்டும். அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரத்து ஆராய்ச்சியாளர்கள் இதற்கு ஒரு நல்ல உபாயம் செய்தார்கள். நலமுள்ள கையில் ஓர் உணர்கையுறை. செயலிழந்த கையில் மின்முனைகள். நோயாளி நலமுள்ள கையை விரிக்க, அவ்விரிவின் அளவுக்கேற்ப மின்விசை பாய்ந்து மற்றக் கையும் விரியும். இரு கைகளும் ஒருசேர விரியவேண்டும் என்னும் எண்ணத்தோடு அவர் பயில்வார்.

இம்முறை உண்மையிலேயே மேலானதா என்று அறிய அவர்கள் ஒரு சோதனை நடத்தி 2016இல் வெளியிட்டார்கள். பக்கவாதம் வந்து ஆறு மாதத்துக்கு மேலான 80 பேரை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினருக்குக் கையுறை முறை. மறு பிரிவினருக்கு, நோயாளி சும்மா இருக்க, கருவி தானே முறைவைத்துக் கையை விரிக்கும் முறை. இரு பிரிவினருக்கும் 12 வாரச் சிகிச்சை. இருவர்க்கும் கைவேலைப் பயிற்சியும் உண்டு. ஒரு நிமிடத்தில் எத்தனை மரக்கட்டைகளை ஒரு பெட்டியிலிருந்து மறு பெட்டிக்கு மாற்ற முடிகிறது என்பது அளவுகோல். சிகிச்சை முடிந்து ஆறு மாதம் கழித்துப் பார்க்கையில், சும்மா இருந்த பிரிவினர் முன்னினும் சராசரி 1.8 கட்டைகள் கூடுதலாக மாற்றினர். தாமே கட்டளையிட்ட பிரிவினர் 4.6 கட்டைகள் கூடுதலாக மாற்றினர். வேறு சில அளவுகோல்களில் இரு பிரிவினருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை என்பதையும் அவர்கள் மறைக்காமல் எழுதினர். இருந்தும் செய்தி தெளிவானது. இரு பிரிவிலும் பாய்ந்தது மின்விசையே. ஒன்றில் அது எசமானாக வந்தது. மற்றொன்றில் ஏவலாளாக வந்தது. ஏவலாளாக வந்தபோதே கைத்திறன் மிகுதியாக வளர்ந்தது.

பொருட்செலவைப் பற்றியும் சில சொல்வது என் கடமை. நகையை அடகு வைத்தாவது வெளிநாட்டுக் கருவி வாங்கித் தந்தையை நடக்கவைக்க வேண்டும் என்று துடிக்கும் பிள்ளைகள் உண்டு. அவர்கள் பாசத்தை வணங்குகிறேன். ஆனால் கணுக்காலை நிமிர்த்திப் பிடிக்கும் எளிய பிளாஸ்டிக் தாங்கி ஒன்று உண்டு. விலையும் மிகக் குறைவு. அமெரிக்காவில் பாதம் தொங்கிய 197 பேரைக்கொண்டு 30 வாரம் நடத்தி 2013இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், மின்கருவி அணிந்தோர் தாங்கி அணிந்தோர் ஆகிய இரு சாராரின் நடைவேகமும் கூடியது. இருவர்க்குமிடையே வேகத்தில் வேறுபாடு இல்லை. மின்கருவி அணிந்தோர்க்கு மனநிறைவு கூடுதலாக இருந்தது என்பதும் உண்மையே. எனவே, முதலில் தாங்கியை அணிந்து நடக்கட்டும். மின்கருவியைச் சிகிச்சைக்கூடத்தில் அணிந்து பார்க்கட்டும். பயன் கண்ட பின்னரே வாங்குவதைப் பற்றி நினைக்கலாம். கருவி வாங்க இயலாதவர்கள் வழி அடைபட்டதென்று சோர வேண்டுவதில்லை.

யாருக்கு இது ஆகாது என்பதையும் அறிந்து வையுங்கள். நெஞ்சில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள், கருவுற்ற மகளிர், அடங்காத வலிப்புநோய் உள்ளவர்கள், காலின் ஆழ்நாளத்தில் இரத்தம் உறைந்தவர்கள், மின்முனை வைக்கவேண்டிய இடத்தில் புற்றுநோயோ புண்ணோ உள்ளவர்கள் மருத்துவரின் வெளிப்படையான ஒப்புதலின்றி இதனைத் தொடலாகாது. தோலில் உணர்ச்சி மரத்தவர்களுக்குச் சுட்டாலும் தெரியாது. அவர்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். இன்னொன்று: செயலிழந்த கையைப் பிடித்திழுத்து நோயாளியைத் தூக்கி உட்காரவைப்பது நம் வீடுகளில் சாதாரணம். தளர்ந்த தோள்மூட்டு அதனால் நழுவிப் பெருநோவு தரும். எந்தக் கருவியும் தரும் நன்மையை அந்த ஓர் இழுப்பு கெடுத்துவிடக்கூடும்.

நம் நாட்டில் இத்துறைக்கு நல்ல மரபு உண்டு. இதே மும்பையில் ஹாஜி அலிப் பகுதியில் 1955இல் தொடங்கிய அகில இந்திய உடலியல் மருத்துவ மறுவாழ்வு நிறுவனத்தை நீங்கள் அறிவீர்கள். வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் மேரி வர்கீஸ், 1954இல் நேர்ந்த மோட்டார் விபத்தில் தண்டுவடம் பழுதுற்று இரு கால்களையும் இழந்தவர்போல் ஆனார். சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்தார். அயல்நாடு சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் காணக் காரணமானார். அவர் கால்கள் மீண்டும் நடக்கவில்லை. ஆயினும் அவர் வாழ்வு நடந்தது, பலரை நடத்தியது. அசைவு திரும்புவது ஒன்றே மறுவாழ்வு அன்று என்பதற்கு அவரினும் சிறந்த சான்று வேறென்ன வேண்டும்?

அறிவியல் இங்கே நின்றுவிடவும் இல்லை. கழுத்துக்குக்கீழ் செயலிழந்து எட்டாண்டு கழிந்த ஒருவரின் மூளையில் உணர்பொறிகளையும், கையில் 36 மின்முனைகளையும் கிளீவ்லாந்து அறிஞர்கள் பொருத்தினார்கள். அவர் கையை அசைக்க எண்ணினார். கணிப்பொறி அவ்வெண்ணத்தைப் படித்துத் தசைகளைத் தூண்டியது. தோளைத் தாங்க ஒரு துணைப்பொறியும் இருந்தது. தம் கையாலேயே குவளையை எடுத்துக் காப்பி அருந்தினார். தாமே உணவு உண்டார். இச்செய்தி 2017இல் வெளிவந்தது. அங்கேயும் தொடக்கப்புள்ளி எது? அவர் எண்ணம். எண்ணம் எழாவிட்டால் அத்தனை கம்பிகளும் ஊமைக் கம்பிகளே.

இனி இச்சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். முயற்சியே மருந்தின் பாதி என்றேன். முயற்சி எழ வேண்டுமானால் கட்டளை விளங்க வேண்டும். ஊரிலிருந்து பிள்ளைகளோடு இங்கு வந்து தங்கிய நம் பெற்றோர் பலருக்குத் தமிழன்றி வேறு மொழி தெரியாது. சிகிச்சை அளிப்பவரோ மராத்தியிலும் இந்தியிலும் பேசுகிறார். மின்விசை பாயும் அந்த நொடியில் “இப்போது தூக்குங்கள்” என்று அவர் கூறுவது பாட்டியாருக்கு விளங்கவில்லை. கால் எழுகிறது, மனம் எழவில்லை. மேலும், பக்கவாதம் சிலருக்குப் பேச்சையும் சொற்பொருள் அறியும் திறனையும் தாக்கும். அவர்களுக்குத் தாய்மொழியின் சிறு சொற்களே எளிதில் எட்டும். மகனும் மருமகளும் விடியலில் மின்வண்டி பிடித்து வேலைக்குச் சென்றுவிட, பகல் முழுதும் அம்முதியோர் சுவரைப் பார்த்தபடி இருக்கிறார்கள்.

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் முலுண்டிலும் நம் இளைஞர்கள் இருக்கிறார்கள். வாரத்தில் ஒரு பொழுதை ஒதுக்கி, சிகிச்சைக்கூடத்தில் ஒரு முதியவர் அருகே அவர்கள் நிற்கட்டும். “தாத்தா, இப்போது விரலை விரியுங்கள், இன்னும் சற்று, ஆம், அப்படித்தான்” என்று உரிய தருணத்தில் தமிழில் சொல்லட்டும். மின்விசையோடு மனவிசை சேர இவ்வுதவி மிகவும் வேண்டும். இதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. ஒரு பெயர்ப்பட்டியலும் பொறுப்பாளர் ஒருவரும் போதும். தமிழ் வளர்க்கவென்று கூடிய சங்கம், நாவடங்கிய முதியோர்க்குத் தமிழால் கைகொடுப்பதும் தமிழ்த்தொண்டே அன்றோ?

நிர்வாகக் குழுவின் அடுத்த கூட்டத்திலேயே இதனை எடுத்துக்கொள்வதாகத் தலைவர் அவர்கள் இசைந்தால், தன்னார்வலர்க்குப் பயிற்சி அளிக்கும் பணியை நான் மகிழ்வோடு ஏற்பேன்.